நடப்பீர்களா என்று கேட்காதீர்கள்

என் மூத்த அக்காவுக்கு வயது 72. மஸ்கெலியாவிலிருந்து சில மைல் தள்ளியிருக்கும் ஒரு தோட்டத்தில் 38 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். காலையில் பிரட்டுக்களம், பிறகு மலை, மாலையில் மடுவம் என்று சரிவுகளிலேயே கழிந்த வாழ்க்கை. முதுகில் கூடையின் பாரத்தோடு மலைச்சரிவில் கால் ஊன்றி நிற்பவளுடைய முழங்கால், சமதரையில் நடப்பவளுடைய முழங்காலைப்போல முதுமை அடைவதில்லை. அக்காவின் இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன என்று வைத்தியர் படம் எடுத்துக் காட்டினார். படம் பார்க்காமலே எங்களுக்குத் தெரியும். லயத்து வாசலிலிருந்து பீலிக்கரைக்குப் போகவே அவர் இரண்டு தடவை உட்கார்ந்து எழும்புகிறார்.

இந்த அக்காவைச் சென்ற ஆண்டு சென்னைக்கு விமானத்தில் அழைத்துப்போனேன். அதைப்பற்றித்தான் எழுதப்போகிறேன். பயணக் கட்டுரை அல்ல; ஒரு கேள்வியைப் பற்றிய கட்டுரை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தின் காரணத்தை முதலில் சொல்லவேண்டும். எங்கள் பெரியண்ணன் கோத்தகிரியில் இருக்கிறார். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோவும் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் கணக்குப் பார்த்தார்கள். மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் எங்கள் அண்ணன், கல்யாணம் கட்டிய பெண்ணின் குடும்பத்தோடு இந்தியாவின் பக்கம் விழுந்தார். நாங்கள் இந்தப் பக்கம் விழுந்தோம். 1973இல் ஹட்டன் ரயில் நிலையத்தில் அவரை வழியனுப்பியபோது எனக்கு ஐந்து வயது. தலைமன்னாருக்குப் போகும் ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். அந்தக் கப்பலும் 1984இல் நின்றுபோயிற்று. பல ஆண்டுகள் கழித்து, 2023 ஒக்டோபரில், காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது என்பது உண்மை. ஆனால் மஸ்கெலியாவிலிருந்து காங்கேசன்துறைக்குப் போய்ச் சேருவதற்குள் அக்காவுக்கு வைத்தியசாலை தேவைப்பட்டிருக்கும்.

அண்ணனுக்குச் சுகமில்லை என்று தகவல் வந்தது. அக்கா ஐம்பது ஆண்டுகளில் அவரை ஒரேயொரு தடவை பார்த்திருந்தார். "சாகறதுக்குள்ள ஒரு வாட்டி பாத்துப்புடணும் தம்பி" என்றார். யார் சாவதற்குள் என்று நான் கேட்கவில்லை.

பயணச்சீட்டை ஒரு முகவரிடம் எடுத்தேன். அக்காவால் அதிகம் நடக்க முடியாது, சக்கர நாற்காலி வேண்டும் என்று சொன்னேன். "சொல்லியாச்சு ஐயா, எல்லாம் சிஸ்டத்தில் இருக்கு" என்றார். அவ்வளவில் நானும் திருப்தியடைந்தேன். முப்பது ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தவன், செய்திகளை இரண்டு தடவை உறுதிப்படுத்தாமல் அச்சுக்கு அனுப்பாதவன், என் அக்காவின் காலைப்பற்றிய தகவலை ஒரு தடவைகூட உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு வேன் புறப்பட்டது. நோர்வூட், டிக்கோயா, ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை. வளைவு நெளிவான பாதையில் அக்கா உறங்கவில்லை. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைக் கடந்தபோது, பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்கடியில் போனபோது தனக்கு என்ன வயது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். வறட்சிக் காலத்தில் தண்ணீர் வற்றினால் பழைய கோவில் வெளியே தெரியும். ஊரே போய்ப் பார்த்து வரும். இவர் கால் போனதிலிருந்து போகவில்லை.

விமானநிலையத்தில், விமானசேவையின் கருமபீடத்தில், அக்காவின் பெயருக்கு எதிரே சக்கர நாற்காலி பற்றிய குறிப்பு எதுவுமே இல்லை. இருந்த இளம்பெண் மரியாதையாகவே நடந்துகொண்டார். ஆங்கிலத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதை நான் தமிழாக்கி அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, நடப்பீங்களா?"

"நடப்பேன், நடப்பேன்" என்றார் அக்கா. ஒரு தடவையல்ல, இரண்டு தடவை.

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பெண் அடுத்தவரைப் பார்த்தார்.

இந்தப் பதிலைத்தான் நான் பல மாதங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தோட்டத்தில் வேலை செய்த ஒரு பெண்ணிடம் "முடியுமா?" என்று கேட்டால் "முடியாது" என்ற பதில் வராது. அந்தப் பதிலுக்கு அங்கே விலை உண்டு. நிறை குறைந்தால் அரைப்பேர். மலைக்குப் போகாவிட்டால் பேரே இல்லை. காய்ச்சலோடு பிரட்டுக்களத்தில் நிற்பவளைப் பார்த்துக் கங்காணி "ஏலுமா?" என்று கேட்டால் "ஏலும்" என்றுதான் சொல்லவேண்டும், சொல்லித்தான் எங்கள் தாய்மார் எங்களை வளர்த்தார்கள். சீருடை அணிந்த ஒருவர், மேசைக்கு அப்பாலிருந்து, கையில் பேனையோடு கேட்கும் எந்தக் கேள்வியும் அவர்களுக்குத் துரையின் கேள்விதான். அந்த இளம்பெண்ணுக்கு இது தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. "சேர்ல வச்சித் தள்ளிக்கிட்டுப் போனா பாக்கிறவுங்க என்னா நெனைப்பாங்க, பொணத்தைத் தூக்கிக்கிட்டுப் போற மாதிரி" என்று அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார். லயத்திலிருந்து ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு இறங்குவதை அவர் இரண்டே சந்தர்ப்பங்களில்தான் பார்த்திருக்கிறார். நோய் முற்றியபோது ஒன்று. மற்றதை நான் சொல்லவேண்டியதில்லை.

சோதனைகள், வரிசைகள், நீண்ட நடைபாதை எல்லாவற்றையும் என் தோளைப் பிடித்தபடி கடந்துவிட்டார். வாயிலில் விமானத்தோடு இணையும் பாலம் இல்லை. பஸ்ஸில் ஏற்றி, ஓடுபாதைப் பக்கம் கொண்டுபோய், படிக்கட்டின் அடியில் இறக்கிவிட்டார்கள். இருபதுக்குக் குறையாத படிகள். அக்கா கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து ஏறினார். பின்னால் ஐம்பது பேர். யாரோ ஒருவர், அதுவும் தமிழில், "முடியாதவங்களை ஏன்தான் கூட்டிட்டு வர்றாங்களோ" என்றார். அக்காவுக்கு அது கேட்டது. அவர் வேகமாக ஏற முயன்றார். எட்டாவது படியில் முழங்கால் மடங்கிற்று. நான் பின்னால் இல்லாவிட்டால் விழுந்திருப்பார். கோத்தகிரியில் இருந்த பத்து நாட்களில் ஆறு நாள் அவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. அண்ணனும் தங்கையும் எதிரெதிர்க் கட்டில்களில் படுத்துக்கொண்டே ஐம்பது ஆண்டுக் கதையைப் பேசினார்கள்.

அந்தக் கட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் நான் தாமதமாக என் வீட்டுப்பாடத்தைச் செய்தேன்.

விமான உலகில் "சக்கர நாற்காலி" என்று ஒரு பொருள் இல்லை; மூன்று இருக்கின்றன. பயணப்பதிவில் நான்கு ஆங்கில எழுத்துகளாக அது எழுதப்படுகிறது. முதல் மூன்று எழுத்துகளும் ஒன்றே: டபிள்யூ, சி, எச். நான்காவது எழுத்தில்தான் சங்கதி இருக்கிறது. ஆர் என்றால் இந்தப் பயணி படியேறுவார், இருக்கைக்கு நடப்பார், தூரம்தான் நடக்கமாட்டார். எஸ் என்றால் படியேற இறங்க முடியாது, ஆனால் விமானத்துக்குள் தன் இருக்கைவரை நடப்பார். சி என்றால் இருக்கை வரைக்கும் கொண்டுபோய் அமர்த்தவேண்டும். அதற்கென்று இருக்கைகளுக்கிடையே நுழையும் ஒடுங்கிய நாற்காலி உண்டு. எழுத்து எஸ் அல்லது சி என்றால், பாலம் இல்லாத இடத்தில் தூக்கி வண்டி வரவேண்டும். அம்புலிஃப்ட் என்று அதற்குப் பெயர். லொறியின் முதுகில் ஒரு சிறிய அறை. அந்த அறை அப்படியே மேலெழும்பி விமானத்தின் கதவோடு ஒட்டிக்கொள்ளும். என் அக்காவுக்குத் தேவைப்பட்டது எஸ். முகவர் எந்த எழுத்தையுமே போடவில்லை. போட்டிருந்தாலும், அவர் என்னிடம் படியைப்பற்றிக் கேட்கவில்லை ஆகையால், ஆர் போட்டிருப்பார். ஆர் போட்டிருந்தால் நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டுபோய் அதே படிக்கட்டின் அடியில்தான் விட்டிருப்பார்கள்.

"நடப்பீர்களா" என்பது ஆகவே பிழையான கேள்வி. "எத்தனை படி ஏறுவீர்கள்?" என்பதுதான் சரியான கேள்வி. தோட்டத்துப் பெண்களுக்குப் படிக்கணக்கு நன்றாகத் தெரியும். அக்காவிடம் அப்படிக் கேட்டிருந்தால் "நாலு ஏறுவேன், அப்பறம் உக்காரணும்" என்று உண்மையைச் சொல்லியிருப்பார். அதில் மானம் போவதற்கு ஒன்றுமில்லை.

இது சலுகையா, உரிமையா என்று உலகம் நீண்டகாலம் வாதாடியிருக்கிறது. அமெரிக்காவில் 1986இலேயே சட்டம் வந்துவிட்டது. ஐரோப்பாவில் அப்படியில்லை. லண்டன் ஸ்டான்ஸ்டெட் விமானநிலையத்தில் பொப் ரொஸ் என்பவரிடம் ரயன்எயார் நிறுவனம் சக்கர நாற்காலிக்கு 18 பவுண் கட்டணம் வாங்கியது. அவர் நீதிமன்றம் போனார்; 2004இல் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் இயற்றி 2008 ஜூலையில் முழுமையாக நடைமுறைப்படுத்திய ஒழுங்குவிதி, உதவி இலவசம், செலவை எல்லாப் பயணிகளின் தலையிலும் பரவலாகப் போடு, 48 மணித்தியாலத்துக்கு முன் அறிவித்தால் உதவி கட்டாயம் என்று முடித்துவைத்தது. கனடாவில் 2008 ஜனவரியில் போக்குவரத்து ஆணையம் இன்னும் ஒருபடி மேலே போயிற்று: துணையாள் இல்லாமல் பயணம் செய்ய இயலாத மாற்றுத்திறனாளியிடம், உள்நாட்டுப் பயணத்தில், துணையாளுக்கென இரண்டாவது கட்டணம் கேட்கக்கூடாது என்றது. அங்கிருக்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்தியாவில் ஜீஜா கோஷ் என்ற பெண்மணியின் வழக்கைப் படித்தபோது எனக்குக் கோபமும் வந்தது, ஒருவகை ஆறுதலும் வந்தது. பெருமூளை வாதத்தோடு பிறந்தவர், மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக உழைப்பவர். 2012 பெப்ரவரி 19இல் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்கு, மாற்றுத்திறனாளிகள் பற்றிய மாநாட்டுக்கே போவதற்காக, ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி இருக்கையில் அமர்ந்த பிறகு இறக்கிவிடப்பட்டார். 2016 மே 12இல் இந்திய உச்ச நீதிமன்றம் பத்து இலட்சம் ரூபா இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்புகள் கருமபீடம்வரை வந்து சேர நாளெடுக்கின்றன. 2022 மே மாதம் ராஞ்சியில் ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவனை இண்டிகோ ஏற்ற மறுத்து, ஐந்து இலட்சம் ரூபா தண்டம் கட்டியது. அதன் பிறகுதான், உடல்நிலை பயணத்துக்கு ஒவ்வாது என்று விமானசேவை நினைத்தால் விமானநிலையத்து வைத்தியரின் எழுத்துமூல அபிப்பிராயம் பெறவேண்டும், தானாகத் தீர்மானிக்கக்கூடாது என்று விதியைத் திருத்தினார்கள்.

சட்டம் பேசாத இடமும் இருக்கிறது. 2024 பெப்ரவரி 12இல் நியூயோர்க்கிலிருந்து எயார் இந்தியா விமானத்தில் மும்பைக்கு வந்திறங்கிய 80 வயது முதியவரின் கதை உங்களுக்கு நினைவிருக்கலாம். கணவனும் மனைவியும் இருவருமே சக்கர நாற்காலி பதிவு செய்திருந்தார்கள். ஒன்றுதான் வந்தது. மனைவியை அதில் உட்காரவைத்துவிட்டுத் தான் கூடவே நடந்தார். குடிவரவுப் பகுதியில் விழுந்து, இறந்தார். காத்திருக்கச் சொன்னோம், அவர்தான் நடந்தார் என்றது நிறுவனம். முப்பது இலட்சம் ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. "நடப்பேன்" என்று சொன்ன அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு அவரைத் தெரியும் போலிருக்கிறது. மனைவியின் நாற்காலி நகர்ந்து போக, கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்க எந்தக் கிழவரால் முடியும்?

எங்கள் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 1996இல் வலதுகுறைந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2006இல் பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள், 2011இல் கலாநிதி அஜித் பெரேராவின் வழக்கில் அந்த விதிகளைப் பின்பற்றியே தீரவேண்டும் என்ற உயர் நீதிமன்றக் கட்டளை, 2016இல் ஐ.நா. சமவாயத்தை ஏற்புறுதி செய்தது. சக்கர நாற்காலியிலிருந்தபடியே நீதிமன்றம் போய் வாதாடிய அஜித் பெரேராவுக்கு நாட்டின் எல்லாச் சாய்தளங்களும் கடன்பட்டிருக்கின்றன. ஆனால் சாய்தளம் போட்டால் போதாது, கேட்கவும் தெரியவேண்டும். அதுவும் கேட்கப்படுபவரின் மொழியில். 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாயிற்று. முதல் தடவையோ இரண்டாம் தடவையோ விமானம் ஏறும் ஒரு முதியவளிடம் அவளுடைய மூட்டைப்பற்றிக் கேட்கும் கேள்வி மகனின் வழியாகவோ தம்பியின் வழியாகவோ வரக்கூடாது. உறவினர் மொழிபெயர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி.

சக்கர நாற்காலியைத் துஷ்பிரயோகம் செய்கிறார்கள் என்ற பேச்சு இப்போது அதிகம் கேட்கிறது. ஏறும்போது இருபது பேர் நாற்காலியில் வந்தார்கள், இறங்கும்போது மூன்று பேருக்குத்தான் தேவைப்பட்டது என்று அமெரிக்காவின் ஃபுரொன்டியர் நிறுவனத் தலைவர் 2024இல் குறைப்பட்டார். ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. வரிசையில் நிற்கச் சோம்பி நாற்காலியில் ஏறிக்கொள்ளும் கட்டிளங்காளைகளை நானே கண்டிருக்கிறேன். அந்த ஒவ்வொரு நாற்காலியும் மும்பையில் வராமல்போன இரண்டாவது நாற்காலி.

ஆனால் நம்மவர் பலர் நாற்காலி கேட்பதன் காரணம் வேறு. பேரப்பிள்ளையைப் பார்க்க ரொறன்ரோவுக்கோ பாரிஸுக்கோ தனியே போகும் அம்மாவுக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது. டோஹாவில் விமானம் மாறவேண்டும். மொழி தெரியாது, அறிவிப்புப்பலகை புரியாது. நாற்காலி கேட்டால் தள்ளுகிறவர் சரியான வாயிலில் கொண்டுபோய் விடுவார் என்று மகன் யோசனை சொல்கிறான். நாற்காலியை வாகனமாக அல்ல, வழிகாட்டியாகக் கேட்கிறார்கள். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்த மகன்களுக்கு ஒன்று சொல்வேன். வழிகாட்டிக்கென்றே தனியாக ஒரு குறியீடு இருக்கிறது: எம், ஏ, ஏ, எஸ். சந்தித்து உதவுதல் என்று அர்த்தம். முதல் பயணம் செய்யும் முதியவர், மொழி தெரியாதவர் ஆகியோருக்காகக் கேட்கலாம். எல்லா விமானசேவையும் எல்லா இடத்திலும் ஒரேமாதிரிச் செய்வதில்லை; சில பணம் கேட்கும்; பதிவு செய்யும்போதே கேட்டுப்பாருங்கள். கிடைத்தால், அம்மா தன் காலில் நடந்து போவார். நாற்காலி என் அக்காவைப் போன்ற ஒருத்திக்கு மிஞ்சும்.

திரும்பி வரும்போது நான் விமானசேவைக்கு நேராகவே தொலைபேசி எடுத்தேன். எஸ் என்ற எழுத்து இருக்கிறதா என்று கேட்டு, மறுநாள் மறுபடியும் கேட்டு, எழுத்தில் அனுப்பச் சொன்னேன். சென்னையில் ஒரு பையன் நாற்காலியோடு வந்தான். செயற்கைக் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள் என்று நடனக் கலைஞர் சுதா சந்திரன் 2021இல் பிரதமரிடம் முறையிட்டதும், பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டதும் எனக்கு ஞாபகம் இருந்தது. ஆகையால் சோதனை இடத்தில் மனம் பதைத்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பெண் காவலர் அக்காவை இருந்தபடியே சோதித்து, "மெதுவா போங்கம்மா" என்றார்.

இம்முறையும் பாலம் இல்லை. ஆனால் லொறி வந்தது. அந்தச் சிறிய அறைக்குள் அக்காவும் நானும் இன்னொரு முதியவரும். அறை மேலெழும்பியபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கதவு திறந்ததும் விமானம் நேரே முன்னால் இருந்தது. எட்டு எட்டில் இருக்கையில் போய் அமர்ந்துவிட்டார். பிறகுதான் படிக்கட்டில் மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள். ஜன்னல்வழியே அவர்கள் ஏறுவதைச் சிறிதுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இருக்குன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி."

நான் பதில் சொல்லவில்லை.

ஊர் வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது. வேன் வீதியோடு நின்றது. லயத்துக்கு மேலே 94 படிகள், கல்லும் மண்ணுமாக, கைப்பிடி கிடையாது. அங்கே எழுத்துக் குறியீடு எதுவும் செல்லாது. பக்கத்துக் காம்பராப் பையன்கள் நான்குபேர் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பிணம் தூக்குவதைப்பற்றி இம்முறை அக்கா எதுவும் பேசவில்லை. உட்கார்ந்துகொண்டு, "மொள்ளத் தூக்குங்கடா" என்று மட்டும் சொன்னார். தோட்டத்து லயங்களுக்கு வாகனம் போகும் பாதை போடுவதைப்பற்றி நான் பத்திரிகையில் எழுதத் தொடங்கி எத்தனை ஆண்டுகள் என்று எண்ணிக்கொண்டே பின்னால் ஏறினேன். எனக்கும் மூச்சு வாங்கிற்று.

அதே லயத்திலிருந்து இன்னொரு பெண்மணி வரும் சித்திரையில் கூடலூருக்குத் தன் தங்கையைப் பார்க்கப் போகிறார். இடுப்பில் கோளாறு. சென்ற வாரம் அவருடைய மகனோடு நானும் முகவரிடம் போனேன். அவர் கணினியைப் பார்த்தபடி, "அம்மா நடப்பாங்களா?" என்று ஆரம்பித்தார். நான் ஒரு கடதாசியில் நான்கு எழுத்துகளை எழுதி, அவர் மேசைக் கண்ணாடியின் அடியில் செருகினேன். அவர் அதை வாசித்துவிட்டு அந்தப் பெண்மணியை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனை படி ஏறுவீங்கம்மா?"

"மூணு" என்றார் அவர், உடனே.